முகவரித் தாள்

அந்த வக்கீல் ஆபீசில் அவளுக்குப் பெயர் பூட்டு. வைத்தவள் ஜூனியர். முகத்துக்கு நேரே அக்கா, முதுகுக்குப் பின்னால் பூட்டு. அவளுக்கும் அது தெரியும். தெரிந்தும் கோபப்படவில்லை, உள்ளூரக் கொஞ்சம் பெருமைதான். குண்டு, நெட்டை, ஓட்டைவாய் என்று உலகத்தில் பட்டப்பெயருக்கா பஞ்சம்? அவற்றோடு பார்த்தால் பூட்டு என்பது பதக்கம் குத்திவிட்ட மாதிரி.

பதினாறு வருடமாக அங்கே தட்டச்சு வேலை. மாடிப்படி ஏறியதும் வரும் முன்னறையில் அவள் மேசை, பக்கத்தில் ஸ்கேனர், எதிரே ஜூனியரின் மேசை. உள்ளறையில் வக்கீலம்மா. குடும்ப வழக்குகள் மட்டும்தான் எடுப்பார். விவாகரத்து, பிள்ளை யாரிடம் வளர்வது என்கிற இழுபறி, அடி, உதை, அதற்கும் மேலே. அந்தப் படிகளில் சிரித்துக்கொண்டு ஏறி வந்தவர் ஒருவரும் கிடையாது.

முன்பெல்லாம் வழக்குக் கட்டுகள் இரும்பு அலமாரியில் இருந்தன. மேல்மாடிக் குழாய் உடைந்து இரண்டு தட்டு முழுக்க ஊறிப்போன பிறகு, எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து கிளவுடில் ஏற்றுவதென்று முடிவானது. ஏற்றியவள் பூட்டு. சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. தட்டுத் தடுமாறித் தானே கற்றுக்கொண்டாள். கற்றுக்கொண்ட பிறகு அவள் போட்ட சட்டம் இருக்கிறதே, அப்பப்பா! மாதம் பிறந்தால் பாஸ்வேர்டு மாற வேண்டும். அதை எங்கேயும் எழுதி வைக்கக் கூடாது. உள்ளே நுழையும்போதெல்லாம் போனுக்கு வரும் எண்ணையும் சேர்த்துத் தட்ட வேண்டும். தண்ணீர் குடிக்க எழுந்தால்கூடத் திரையைப் பூட்டிவிட்டுத்தான் எழ வேண்டும். 'இணைப்பு கையில் உள்ள எவரும் பார்க்கலாம்' என்று ஒரு வசதி உண்டே, அதைக் கண்டால் கரப்பான்பூச்சியைக் கண்ட மாதிரி முகம் சுளிப்பாள். ஒருதடவை ஜூனியர் ஏதோ ஒரு மனுவைப் பஸ்ஸில் படிக்கலாமென்று தன் சொந்த மெயிலுக்கு அனுப்பிக்கொண்டாள். மூன்று நாள் அவளை வறுத்தெடுத்துவிட்டாள் பூட்டு.

"அடுத்தவங்க வீட்டுப் படுக்கையறை அது. கைப்பையில போட்டுக்கிட்டுத் திரியுற சாமானா?"

எல்லாவற்றுக்கும் மேலே முகவரித் தாள் என்று ஒன்று. கணவனுக்குப் பயந்து ஒளிந்திருக்கும் பெண்களின் மனுவில் அவர்கள் இருக்கும் இடத்தை எழுதுவதில்லை. வக்கீல் ஆபீஸ் விலாசம்தான் இருக்கும். உண்மையான விலாசம், வேலை பார்க்கும் இடம், பிள்ளையின் பள்ளிக்கூடம் மூன்றும் தனியாக ஒரே ஒரு தாளில். அந்தத் தாள்கள் இருக்கும் ஃபோல்டரை மூன்றே பேர்தான் திறக்க முடியும்: வக்கீலம்மா, ஜூனியர், பூட்டு.

நான்கு மாதத்துக்கு முன்னால் ஒரு பெண் தன் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். சலவைக் கடையில் இஸ்திரி போடுபவள். இடது உள்ளங்கையில் தீக்காயம். தொழிலில் பட்டதல்ல, கட்டியவன் வைத்தது. வக்கீலம்மாவிடம் இரண்டு பக்கம் வரைக்கும் சொல்லிவிட்டாள். அதற்கு மேல் சொல்ல வேண்டியதற்கு வாய் வரவில்லை. கடைசியில், "அந்த அக்கா டைப் அடிக்கட்டும். நான் அவங்க பின்னால நின்னு சொல்றேன். அவங்க திரும்பிப் பாக்கக் கூடாது" என்றாள்.

அப்படியே நடந்தது. பூட்டு திரையைப் பார்த்தபடி தட்ட, அந்தப் பெண் பின்னால் நின்று காதருகே குனிந்து சொன்னாள். அவள் மூச்சு பிடரியில் பட்டுக்கொண்டே இருந்தது. மூன்றாம் பக்கம் இப்படித்தான் எழுதப்பட்டது. அதில் என்ன இருந்தது என்று நான் சொல்லப்போவதில்லை. உங்களுக்கு அது தேவையும் இல்லை.

முடித்ததும் அவள் கேட்டாள்: "இது யார் கைக்கும் போயிடாதுல்லக்கா?"

"கடவுளே வந்தாலும் என் போனுக்கு வர்ற நம்பர் இல்லாம தொறக்க முடியாதும்மா."

இப்படி வாக்குக் கொடுத்தவள் பூட்டு.

ஒரு புதன்கிழமை காலை பூட்டு ஆபீசைத் திறக்க வந்தபோது அந்தப் பெண்ணும் மகளும் படியில் உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளை பள்ளிச் சீருடையில் இருந்தது, பை இல்லை. பெண்ணின் உதடு வெளுத்திருந்தது.

"வந்துட்டான்கா" என்றாள்.

முதல்நாள் சாயங்காலம், அவள் வேலை பார்க்கும் கடைக்கே வந்திருக்கிறான். வெளியே நின்று எட்டிப் பார்க்கவில்லை. வாடிக்கையாளர் மாதிரி உள்ளே வந்து, ஒரு சட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்து, "இத நல்லா சூடா தேய்ச்சுக் குடு" என்று சொல்லிச் சிரித்திருக்கிறான். அவள் பின்வாசல் வழியாக ஓடி, பள்ளியில் காத்திருந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, இராத்திரியைக் கடை முதலாளியம்மா வீட்டில் கழித்திருக்கிறாள். இனி அந்தப் பக்கம் தலைகாட்ட முடியாது.

"எங்கம்மாவுக்குக்கூட அந்தக் கடை தெரியாது. சொன்னா வாய்தவறி உளறிடுவாங்கன்னு சொல்லவே இல்ல. இந்த ஆபீஸ்ல மட்டும்தான் சொன்னேன்" என்றாள் வக்கீலம்மாவிடம். குற்றம் சாட்டுகிற குரல்கூட இல்லை. அதுதான் இன்னும் மோசமாக இருந்தது.

வக்கீலம்மா தாயையும் பிள்ளையையும் உள்ளறையில் உட்கார வைத்தார். பிள்ளையிடம் வெள்ளைத் தாளும் இரண்டு பேனாவும் கொடுத்தார். அவர்கள் தங்குவதற்கு வேறு இடம் தேடி நாலைந்து பேருக்குப் போன் போட்டார். நடந்ததைச் சொல்லி அவசர மனு ஒன்றை பூட்டு தட்டி முடித்தாள். ஸ்கேன் செய்தாள். கைப்பழக்கத்தில் கிளவுடிலும் ஏற்றிவிட்டாள். மணி பதினொன்றரை.

கை வேலை செய்துகொண்டிருந்ததே தவிர மனசு ஜூனியரையே சுற்றிக்கொண்டிருந்தது. மூன்று பேருக்குத்தான் அந்தத் தாள் தெரியும். வக்கீலம்மாவைச் சந்தேகப்பட முடியுமா? தன்னைத் தானே சந்தேகப்பட முடியுமா? மிச்சம் யார்? மத்தியானச் சாப்பாடு முடிந்து ஜூனியர் கோர்ட்டிலிருந்து வந்து பையை வைத்ததுதான் தாமதம், பிடித்துக்கொண்டாள்.

"யார்கிட்டம்மா சொன்ன?"

"என்னது?"

"அந்தப் பொண்ணு எங்க வேலை பாக்குதுன்னு யார்கிட்ட சொன்ன? பஸ்ல வச்சுப் படிச்சவ நீதானே? சீ! ஒரு பொண்ணு உசுரு ஊசலாடுது. உனக்குப் பொழுதுபோக்கா இருக்கா?"

சத்தம் கேட்டு வக்கீலம்மா உள்ளறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார். ஜூனியரின் முகம் சிவந்துவிட்டது. "நான் அந்தத் தாளத் தொறந்ததே இல்லக்கா" என்றாள்.

"தொறந்தியா இல்லையான்னு இப்பவே காட்டுறேன்."

எந்தக் கோப்பை யார், எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்தக் கருவியிலிருந்து திறந்தார்கள் என்று கிளவுட் ஒரு பட்டியல் வைத்துக்கொண்டிருக்கும். அதை எடுக்கத் தெரிந்தவள் அந்த ஆபீசில் பூட்டு ஒருத்திதான். எடுத்தாள். இருவருக்கும் நன்றாகத் தெரிய வேண்டுமென்று திரையைத் திருப்பியும் வைத்தாள். அடுத்தவர் முகத்தில் கரி பூசக் கிளம்புகிறவர்கள் வெளிச்சத்தில்தான் நிற்பார்கள்.

ஜூனியரின் பெயர் ஒரு தடவைகூட இல்லை. வக்கீலம்மா பெயர் இரண்டு தடவை. மற்ற பதினொரு தடவையும் பூட்டின் சொந்தப் பெயர். போன புதன், நான்கு பத்து. அதே புதன், நான்கு இருபது. அதற்கு முந்தைய புதன், நான்கு ஐந்து. கருவி: டேப்லெட்.

"நம்மகிட்ட டேப்லெட்டே கிடையாதே?" என்றார் வக்கீலம்மா.

ஜூனியர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "போன புதன்கிழமை நாலு மணிக்கு நீங்க என்கூடக் கோர்ட்டுல நகல் வாங்குற வரிசையில நின்னீங்கக்கா."

பூட்டு திரையை மறுபடி தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். டேப்லெட் இருந்தது. ஆபீசில் அல்ல, வீட்டில். மகள் படிக்க விடுதிக்குப் போகும்போது வேண்டாமென்று விட்டுப் போனது. போன வருடம் ஐந்து நாள் காய்ச்சலில் கிடந்தபோது அதில்தான் பூட்டு ஆபீஸ் வேலை பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் எண் கேட்டுக் கேட்டு உயிரை வாங்கியது. இரண்டாம் நாள் ஒரு கேள்வி வந்தது: 'இந்தக் கருவியை நம்பலாமா? நம்பினால் இனி எண் கேட்கமாட்டோம்.' வீட்டில் யாரிடமிருந்து எதைப் பூட்டுவது? ஆம் என்று தட்டினாள். அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அதில்தான் மறுநாள் வழக்குகளைச் சரிபார்ப்பாள். மாதம் பிறந்தால் புதுப் பாஸ்வேர்டையும் அதில் தானே தட்டி வைப்பாள். வாசலுக்கு ஏழு பூட்டுப் போட்டவள், அடுப்படிச் சுவரை இடித்து வழி விட்டிருந்தாள்.

"ஒரு மணி நேரம் குடுங்கம்மா. வந்து சொல்றேன்" என்றாள். ஜூனியரின் முகத்தைப் பார்க்காமல் படியிறங்கினாள். மணி நான்காகக் கொஞ்ச நேரம் இருந்தது.

அவள் வீட்டுக்காரர் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். புதன்கிழமை அவருக்கு அரைநாள்தான் வேலை. நல்ல மனிதர் என்று பேர். அடித்தது கிடையாது, குடித்தது கிடையாது, சம்பளத்தை மறைத்தது கிடையாது. பேச்சு மட்டும் கொஞ்சம் அதிகம். வாயில் அவல் போட்டால்தான் சும்மா இருப்பார். ஆபீசில் நாள் முழுக்கக் கண்ட புருஷன்மார்களின் கதைகளைத் தட்டிவிட்டு வீட்டுக்கு வரும் பூட்டு, நம்ம வீட்டுக்காரர் தங்கம் என்று நினைக்காத சாயங்காலமே இல்லை. கும்பிட்டுக்கொண்டே படியேறுவாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே அவர் குரல், உற்சாகமாக.

"வந்துட்டான்மா! கண்டுபிடிச்சிட்டான்!"

"ஐயையோ! எப்படிடா?" இது மாமியார்.

"அது இதுல போடலம்மா. இரு, கேளு. கடைக்கே வந்துட்டான். சட்டையக் கழட்டி மேசையில வச்சு..." குரலைத் தாழ்த்திக் கரகரப்பாக்கிக்கொண்டார். "'இதை நன்றாகச் சூடாகத் தேய்த்துக் கொடு.'"

"அப்பப்பா, என்ன திமிரு!"

பூட்டு கதவிடுக்கு வழியாகப் பார்த்தாள். மாமியார் முறத்தில் பட்டாணியை வைத்து உரித்துக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர் சோபாவில் சம்மணமிட்டு, மடியில் டேப்லெட்டோடு இருந்தார். அவர் வாசித்துக்கொண்டிருந்தது, காலையில் அவள் தட்டி, பதினொன்றரைக்கு ஏற்றிய மனு. யாரால் அந்த ஆபத்து வந்ததோ அவர்களே அதை அடுத்த பாகம் வந்துவிட்டதென்று ஆவலோடு படித்துக்கொண்டிருந்தார்கள்.

"அப்படிப்பட்டவன் வேற என்ன செய்வான்? டேய், அந்த மூணாம் பக்கத்த இன்னொருக்காப் படியேன். அன்னிக்கு எனக்குப் பாதி புரியல" என்றார் மாமியார்.

அவர் விரலால் தள்ளித் தள்ளித் தேடினார். கிடைத்தது. தொண்டையைச் செருமினார். பிறகு, பெண்குரலில், மெலிசாக, அழுகிற மாதிரி இழுத்து இழுத்துப் படிக்க ஆரம்பித்தார்.

பூட்டின் பிடரியில் நான்கு மாதத்துக்கு முன்னால் மூச்சோடு மூச்சாக விழுந்த வார்த்தைகள், அவள் கட்டிக்கொண்டவரின் வாயிலிருந்து, நடிப்போடு வந்தன. ஒரு இடத்தில் அவர் நிறுத்தி மூக்கை உறிஞ்சினார். மாமியார் முந்தானையால் கண்ணைத் துடைத்தார். துடைத்த கையாலேயே அடுத்த பட்டாணியை எடுத்தார். பூட்டு கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தாள். நேராகக் கழுவுதொட்டிக்குப் போய் வாந்தியெடுத்தாள்.

"அட, என்னம்மா ஆச்சு?" என்று மாமியார் எழுந்து ஓடிவந்து முதுகைத் தடவினார். அந்தக் கையை அவள் தட்டிவிட்டாள். வீட்டுக்காரர் டேப்லெட் மூடியை டப்பென்று சாத்திவிட்டு, பிடிபட்ட பிள்ளை மாதிரி சிரித்தார்.

"சும்மா... பொழுது போகலன்னு..."

"எத்தனை நாளா?"

"நீ காய்ச்சல்ல கிடந்தல்ல, அப்ப தொறந்தபடியே வச்சுட்டுத் தூங்கிட்ட. என்னதான் டைப் அடிக்கிறன்னு பாத்தேன். அப்புறம் விட முடியல. நாவலே தோத்துப் போகும் போ!"

"டிவியில வர்றதெல்லாம் பொய்யும் பித்தலாட்டமும்மா. இதுல உண்மை இருக்கு" என்றார் மாமியார். "நாங்க ஒண்ணும் கல்நெஞ்சக்காரங்க இல்ல. அந்தப் பொண்ணுக்காக நான் எத்தனை நாள் அழுதிருக்கேன் தெரியுமா?"

பூட்டு டேப்லெட்டைத் திறந்தாள். ஏழு கோப்புகளில் மஞ்சள் நட்சத்திரம் மின்னியது. ஆபீஸ் கணினியிலும் அந்த நட்சத்திரங்களைப் பார்த்திருக்கிறாள்; தன் விரல்தான் தவறிப் பட்டிருக்கும் என்று நினைத்திருந்தாள்.

"இதெல்லாம் என்ன?"

"பிடிச்சதுக்குப் போட்டு வச்சேன். எல்லாத்தையும் படிக்கலடி. சிலதுல ருசியே இல்ல."

ருசி என்றார். பதினாறு வருடமாக அழுது அழுது மூக்கு வீங்கி அந்தப் படியேறியவர்களின் வாழ்க்கையைப் பற்றித்தான் சொன்னார். அடிக்காத, குடிக்காத மனிதர். பூட்டுக்கு அவர் பல் தெரிவதே பிடிக்கவில்லை.

"முகவரித் தாளை ஏன் தொறந்தீங்க?"

"கதையப் படிச்சிட்டு இப்ப அவ எங்க இருக்கான்னு தெரிஞ்சுக்காம எப்படி? பக்கத்துலதான் இருக்கான்னு தெரிஞ்சதும் அம்மாவுக்கு ஒரே குஷி."

"யார்கிட்ட சொன்னீங்க?"

"யார்கிட்டயும் இல்லடி! பேர நான் யாருக்கும் சொன்னதே இல்ல, சத்தியமா. வண்டி கத்துக்க வர்றவங்ககிட்டப் பேச்சுவாக்குல சொல்றதுதான். கதை சொன்னா அவங்களுக்குப் பயம் போயிடும். ஸ்டியரிங்க இறுக்கிப் பிடிக்க மாட்டாங்க."

"யார் அதிகமாக் கேட்டது? யோசிச்சுச் சொல்லுங்க."

அவர் யோசித்தார். "ரெண்டு வாரத்துக்கு முன்னால ஒருத்தன். உள்ளங்கையில சூடு வச்சதச் சொன்னேன். வண்டிய ஓரமா நிறுத்திட்டுக் கேட்டான். அவ்வளவு ஆர்வம். எங்க அண்ணன் வீட்லயும் இதே மாதிரி ஒரு பிரச்சனை சார்னான். பாவம், அந்தப் பொண்ணு இப்ப எங்க இருக்குன்னு கேட்டான். பேரு சொல்லலடி. எந்தத் தெரு சலவைக் கடைன்னு மட்டும்..."

சொல்லிக்கொண்டே வந்தவர் நின்றார். "அதுக்கப்புறம் அவன் கிளாசுக்கு வரவே இல்ல" என்றார், குரல் இறங்கி.

சொல்லச் சொல்லத்தான் அவருக்கே புரிந்தது. முகம் வெளிறியது. ஒரு நிமிடம், ஒரே ஒரு நிமிடம், அவருக்கு அந்தப் பெண்ணை நினைத்து நெஞ்சு பதறும் என்று பூட்டு எதிர்பார்த்தாள். பதறத்தான் பதறியது, தன்னை நினைத்து.

"ஆபீஸ்ல யாருக்குத் தெரியும்? யாரோ ஹேக் பண்ணிட்டாங்கன்னு சொல்லிடு. அந்த லிஸ்ட்ட எடுக்கத் தெரிஞ்சதே நீ ஒருத்திதானே? இல்லாட்டி அந்த ஜூனியர் பொண்ணு... அவ அப்படித்தான்னு நீயே சொல்லியிருக்கியே."

சொல்லியிருக்கிறாள். சாப்பிடும்போது, சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறாள். அது ஞாபகம் வந்ததும் தன்மேலேயே அவளுக்குக் கூசியது.

"ஆமாம்மா" என்றார் மாமியார், உரித்த பட்டாணியை ஒதுக்கிக்கொண்டே. "எதுவா இருந்தாலும் வீட்டுக்குள்ள பேசித் தீத்துக்கலாம். வீட்டு விஷயத்தத் தெருவுக்குக் கொண்டு போகலாமா? குடும்ப மானம் என்னாகும்?"

பூட்டு அவர்கள் முன்னாலேயே 'எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு' என்பதைத் தட்டினாள். டேப்லெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பினாள். வீட்டுக்காரர் வாசல் வரை பின்னாலேயே வந்து, "கோர்ட்டு கேஸ்னு என் மேல ஏதும் வருமா?" என்று கேட்டார்.

வழியெல்லாம் அந்த ஹேக் என்கிற சொல் அவளோடு நடந்து வந்தது. பொய் சொல்ல நினைத்தால் எவ்வளவு சுலபம்! யாரோ முகம் தெரியாதவன், எங்கிருந்தோ திருடிவிட்டான். வக்கீலம்மா நம்புவார். வேலை நிற்கும், பேர் நிற்கும், ஜூனியரும் தப்பிப்பாள். மாடிப்படியில் பாதி ஏறும் வரைக்கும் அதைத்தான் சொல்லப் போகிறாளோ என்று அவளுக்கே நிச்சயமில்லை. காலையில் அந்தப் பெண் உட்கார்ந்திருந்த படி வந்தது. பிள்ளை நடுவில் வந்து விட்டுப் போயிருந்தது போலும், பேனாவால் கிறுக்கிய தாள் ஒன்று அங்கே கிடந்தது. எடுத்துப் பார்க்கத் தோன்றியது. பார்க்கவில்லை, மடித்துக் கையில் வைத்துக்கொண்டாள். அடுத்தவர் தாளை எட்டிப் பார்க்கும் ஆசை அவளுக்குள்ளும்தான் இருந்தது.

உள்ளறையில் வக்கீலம்மா, ஜூனியர், அந்தப் பெண் மூவரும் இருந்தார்கள். பிள்ளை நாற்காலியில் தூங்கிப் போயிருந்தது. தங்க இடம் கிடைத்துவிட்டதாம். இன்னும் அரைமணியில் வண்டி வருமாம். பூட்டு டேப்லெட்டை மேசைமேல் வைத்தாள். நின்றுகொண்டே, ஒன்றையும் குறைக்காமல் சொன்னாள். காய்ச்சல், நம்பலாமா என்ற கேள்வி, புதன்கிழமைகள், நட்சத்திரங்கள், டிரைவிங் கற்றுக்கொள்ள வந்து துருவிக் கேட்ட அந்தப் பெண்ணின் கொழுந்தன். வக்கீலம்மா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

அந்தப் பெண் கத்துவாள், அறைவாள் என்று பூட்டு நினைத்தாள். அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் கேட்டது வேறு.

"மூணாம் பக்கமுமா?"

"ஆமா."

"சத்தமாவா?"

பூட்டு தலையை மட்டும் அசைத்தாள்.

அந்தப் பெண் தூங்கும் மகளைப் பார்த்தாள். "என் காதுக்கே கேக்கக் கூடாதுன்னுதான் உங்க காதுல சொன்னேன்" என்றாள்.

பூட்டு ஜூனியர் பக்கம் திரும்பினாள். "உன்னைத் தப்பா சொல்லிட்டேன். மன்னிச்சிடும்மா."

"பரவாயில்லன்னு என்னால சொல்ல முடியலக்கா" என்றாள் ஜூனியர். நியாயம்தான். பரவாயில்லை என்று சொல்லியிருந்தால் அது வெறும் மரியாதையாக இருந்திருக்கும்.

வக்கீலம்மா கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். வழக்குக் கொடுத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் தானே போன் செய்து விஷயத்தைச் சொல்லப் போவதாகச் சொன்னார். டிரைவிங் ஸ்கூல் மனிதரைப் பற்றி போலீசில் சொல்ல வேண்டியிருக்கும் என்றார். "சொல்லுங்கம்மா. நானும் வந்து சொல்றேன்" என்றாள் பூட்டு. பிறகு அவர் கிளவுடைத் திறந்தார். பெயர்ப் பட்டியலுக்கு எப்படிப் போவதென்று அவருக்குத் தெரியவில்லை. பூட்டு பக்கத்தில் நின்று, இங்கே தட்டுங்கள், இப்போது இங்கே என்று சொல்லிக்கொடுத்தாள். அவள் பெயர் பட்டியலிலிருந்து போனது.

"புது விலாசம் எழுதணும்" என்றார் வக்கீலம்மா. "பேப்பர்லயே எழுதிப்போம். கம்ப்யூட்டர் வேண்டாம்."

ஜூனியர் பேனாவை எடுத்தாள். அந்தப் பெண் வாயைத் திறக்கவில்லை. பூட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வெளியே போ என்று சொல்லவில்லை, போவதற்காகக் காத்திருந்தாள். பூட்டுக்கு அது உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. உறைத்ததும் பிள்ளையின் தாளை நாற்காலி ஓரம் வைத்துவிட்டு வெளியே போனாள். பின்னால் கதவு சாத்தப்பட்டது. தாழ்ப்பாளும் போடப்பட்டது.

படியருகே நிற்கும்போது போன் அடித்தது. வீட்டுக்காரர்.

"என்னடி ஆச்சு?"

கலங்கிய குரல். வேலை போனதா, நீ எப்படி இருக்கிறாய் என்றுதான் கேட்கிறார் என்று அவள் ஒரு கணம் நினைத்தாள். என்ன இருந்தாலும் இருபத்திரண்டு வருடக் குடித்தனம்.

"சொல்லிட்டேன்" என்றாள்.

"அவ என்ன சொன்னா? அழுதாளா? இனிமே எங்க போகப்போறாளாம்?"

பின்னாலிருந்து மாமியாரின் குரல் கேட்டது: "ஸ்பீக்கர்ல போடுடா."

பூட்டு போனைக் காதிலிருந்து எடுத்தாள். திரையில் அவர் பெயரைப் பார்த்தாள். துண்டித்தாள். அது மறுபடி அடித்தது, மறுபடியும் அடித்தது. அணைத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு படியிறங்கினாள். அன்றைக்கு அவள் வீட்டுக்குப் போகவில்லை. மறுநாளும் போகவில்லை.

எங்கே இருக்கிறாள் என்று அவர் ஊரெல்லாம் விசாரித்துக்கொண்டிருக்கிறார். எனக்குத் தெரியும். சொல்லமாட்டேன்.